போரும் பதிவேடும்: கல்லில் 14, ஏட்டில் 18

பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்கு வடகிழக்கே போல்கபெல என்ற ஊரையொட்டி ஒரு பிரிட்டிஷ் போர்வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்த பிறகு, சுற்றுவட்டாரப் போர்க்களங்களில் சிதறிக் கிடந்த சடலங்களை ஓரிடத்தில் சேர்த்து அமைக்கப்பட்ட தோட்டம் அது. அங்கே 7,400க்கும் மேற்பட்ட வீரர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களில் 6,200க்கும் அதிகமானோர் யார் எவர் என்று தெரியாமலே அடக்கம் செய்யப்பட்டவர்கள். இத்தனை பெயரற்ற கற்களுக்கு நடுவே, 56ஆம் பகுதியின் எஃப் வரிசையில் எட்டாவது கல்லைத் தேடித்தான் வருகிறவர்களில் பெரும்பாலோர் போகிறார்கள். கல்லின் உச்சியில் கிரீடம் சூடிய யாழ்ச் சின்னம். அதன் கீழே 6322 என்ற எண், சிப்பாய் ஜே. காண்டன் என்ற பெயர், ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட், 1915 மே 24. கடைசியாக, வயது 14.

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த ஜான் காண்டன், முதல் உலகப்போரில் நேச நாடுகளின் தரப்பில் மாண்ட மிக இளைய வீரன் என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறான். மேற்குப் போர்முனையில் அதிகம் பேர் வந்து பார்க்கும் கல்லறை இவனுடையதுதான் என்பார்கள். கேர்ட் ஸ்பில்லபேன் என்ற பெல்ஜிய எழுத்தாளர் இவனை நாயகனாக்கி இளையோருக்கு ஒரு நாவல் எழுதினார். நாவலின் பெயரே கல்லில் உள்ள அந்த வயதுதான். 2014ஆம் ஆண்டு வாட்டர்ஃபோர்டில் இவன் பெயரில் ஒரு நினைவுச்சின்னமும் எழுந்தது. இதற்கிடையில், கல்லைப் பார்த்ததோடு நிற்காமல் ஏடுகளைப் புரட்டிய சில ஆய்வாளர்கள் வேறொரு முடிவுக்கு வந்தார்கள். ஜான் காண்டன் இறந்தபோது அவனுக்கு வயது 18. அந்தக் கல்லின் கீழே இருப்பது அவனுடைய உடலாக இல்லாமலும் இருக்கலாம்.

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டதாலேயே மற்றொன்றுக்கும் கிடைத்துவிட்டது என்று ஆகாது. வயதைப் பிறப்பு, திருமுழுக்கு, குடும்பப் பதிவேடுகளில் தேட வேண்டும். உடலை ராணுவ ஏடுகளிலும், சடலத்தைத் தோண்டி எடுத்த இடத்தின் குறிப்புகளிலும் தேட வேண்டும். இந்த வழக்கைப் பற்றிய எழுத்துகளில் பல, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் விவாதம் தேவைக்கு மேல் நீண்டது.

பிரிட்டிஷ் ராணுவத்தில் வயதை மாற்றிச் சொல்வது அந்தக் காலத்தில் பெரிய காரியமே இல்லை. 18 வயது ஆனவன் படையில் சேரலாம், 19 ஆனால்தான் கடல் கடந்து போர்முனைக்குப் போகலாம் என்பது விதி. ஆனால், ஆள்சேர்ப்பு நிலையத்தில் யாரும் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை. வந்தவன் வாயால் சொன்ன வயதே படிவத்தில் ஏறியது. உயரமும் மார்பளவும் தேறினால் போதும். இப்படிச் சேர்ந்த சிறுவர்கள் சுமார் 2,50,000 பேர் என்பது இத்துறையில் நெடுங்காலம் உழைத்த ரிச்சர்ட் வான் எம்டன் என்ற வரலாற்றாசிரியரின் மதிப்பீடு. பெற்றோர் புகார் செய்தார்கள். ஆர்தர் மார்க்கம் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் விடாமல் குரல் கொடுத்தார். பெற்றோர் தங்கள் தரப்பில் நீட்ட முடிந்த ஒரே ஆயுதம் பிறப்புச் சான்றிதழ்தான்.

அந்த ஆயுதம் வென்றதற்கு சிட்னி லூயிஸ் ஒரு சான்று. லண்டன் டூட்டிங் பகுதியைச் சேர்ந்த இந்தப் பையன் 1903 மார்ச்சில் பிறந்தவன். 1915 ஆகஸ்டில் ஈஸ்ட் சரே ரெஜிமென்டில் சேர்ந்தபோது வயது 12. 1916இல் சோம் போர்க்களத்தில் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் நின்றபோது 13. தாய் அவனுடைய பிறப்புச் சான்றிதழைப் போர் அலுவலகத்துக்கு அனுப்பி, மகனைத் திருப்பித் தரும்படி கேட்டார். அவன் வீடு திரும்பினான். குடும்பத்தில் காப்பாற்றி வைத்திருந்த தாள்களைக் கொண்டு 2013இல் லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் இந்த வரலாற்றை உறுதிப்படுத்தியது. நம்ப முடியாத ஒரு வயதை மெய்ப்பித்தது அந்தத் தாள். அதே வகைத் தாள்தான் காண்டன் வழக்கில், எல்லோரும் நம்பிய ஒரு வயதை மறுத்தது.

கல்லில் உள்ள வயதுக்கும் உண்மை வயதுக்கும் இடைவெளி இருப்பது காண்டனோடு முடிந்துவிடவில்லை. முதல் உலகப்போரில் எதிரியின் குண்டுக்கு இரையான முதல் பிரிட்டிஷ் வீரன் என்று கருதப்படும் ஜான் பார், 1914 ஆகஸ்ட் 21 அன்று மோன்ஸ் நகருக்கு அருகே இறந்தான். செயின்ட் சிம்போரியன் கல்லறைத் தோட்டத்தில் அவனுடைய கல்லில் வயது 20. பிறந்ததோ 1897இல், வடக்கு லண்டனின் ஃபின்ச்லியில். ஆக, இறக்கும்போது 17. அவன் ராணுவத்திடம் கூட்டிச் சொன்ன வயதே கல் வரைக்கும் கூடவே வந்துவிட்டது. பாரின் கல் மூன்று வருடத்தைக் கூட்டியது; காண்டனின் கல் நான்கு வருடத்தைக் குறைத்தது. கூட்டியதற்குக் காரணம் எளிதில் விளங்கும். குறைத்ததற்கு என்ன காரணம்?

இதற்குக் கல்லில் வயது எப்படி ஏறியது என்று பார்க்க வேண்டும். 1917 மே 21 அன்று அரச சாசனத்தின்படி அமைந்த இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் (இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்), போருக்குப் பிறகு ஒவ்வொரு வீரனின் நெருங்கிய உறவினருக்கும் ஒரு படிவம் அனுப்பியது. வீரனின் எண், பெயர், ரெஜிமென்ட், இறந்த தேதி ஆகியவை ராணுவ ஏடுகளிலிருந்து வந்தவை. வயது, பெற்றோர் பெயர், கல்லில் பொறிக்க விரும்பும் வாசகம் ஆகியவற்றைக் குடும்பம் நிரப்பித் தர வேண்டும். குடும்பம் பதில் போடாவிட்டால் வயது என்ற வரியே கல்லில் இருக்காது. அப்படி வயதில்லாத கற்கள் ஏராளம். ஆகவே, கல்லில் இருக்கும் வயது பெரும்பாலும் துக்கத்தில் இருந்த ஒரு வீடு, பல வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதித் தந்தது. அதை யாரும் பிறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கல்லில் வெட்டிய எழுத்து என்றாலே அசைக்க முடியாத ஆதாரம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போன ஒன்று. இங்கே அந்த எண்ணத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

ஏடுகளைத் தொடுமுன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது வம்சாவளி ஆய்வாளர்களின் வழக்கம். 1915 மே 24 அன்று ஒருவனுக்கு 14 வயது முடிந்து 15 ஆகவில்லை என்றால், அவன் 1900 மே 25க்கும் 1901 மே 24க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். அயர்லாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் ஒன்று 1901 மார்ச் 31 அன்று நடந்தது. அன்று அவன் ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தையாக இருந்திருப்பான், அல்லது பிறந்தே இருக்க மாட்டான். அடுத்த கணக்கெடுப்பான 1911 ஏப்ரல் 2 அன்று அவனுக்கு 9 அல்லது 10 வயது இருக்கும். இறக்கும்போது 18 என்றால் இந்தக் கணக்கு முழுதாக மாறிவிடும்: 1901இல் 4 வயதுச் சிறுவன், 1911இல் 14 வயதுப் பையன். கைக்குழந்தைக்கும் நான்கு வயதுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தகப்பனும் மறந்து எழுத மாட்டான். இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் இரண்டு சாத்தியங்கள் இந்தத் துறையில் அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பிறப்புப் பதிவேடு. அயர்லாந்தில் எல்லா மதத்தவருடைய பிறப்பும் இறப்பும் 1864 ஜனவரி 1 முதல் அரசாங்கத்தில் பதிவாகின. ஊர்ப் பதிவாளர் தன் ஏட்டில் எழுதுவார். அதன் நகல் மேலதிகாரி வழியாக டப்ளினில் உள்ள தலைமைப் பதிவு அலுவலகத்துக்குப் போகும். பெரிய தாளில் குறுக்கே கட்டங்கள். வரிசை எண், பிறந்த தேதியும் இடமும், குழந்தையின் பெயர், ஆணா பெண்ணா, தகப்பனின் பெயரும் இருப்பிடமும், தாயின் பெயரோடு திருமணத்துக்கு முன்பிருந்த குடும்பப் பெயர், தகப்பனின் தொழில், தகவல் சொன்னவரின் கையெழுத்து, அவர் பிறப்பின்போது உடனிருந்தாரா என்ற குறிப்பு, பதிவு செய்த தேதி, பதிவாளரின் கையொப்பம். தகவல் சொன்னவருக்கு எழுதத் தெரியாவிட்டால் அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறியும், பக்கத்தில் அது இன்னாருடைய குறி என்ற வரியும் இருக்கும். உடனிருந்தவர் என்ற குறிப்போடு வரும் பெயர் பல சமயம் பாட்டியுடையதாகவோ அத்தையுடையதாகவோ அக்கம்பக்கத்துப் பெண்ணுடையதாகவோ அமையும். குடும்பத்தைத் தேடுகிறவருக்கு அந்த ஒரு கட்டம் புதையல்.

இந்த ஏட்டில், வாட்டர்ஃபோர்டின் ஜான், மேரி காண்டன் தம்பதியின் மகன் ஜானின் பிறப்பு 1896 அக்டோபரில் இருக்கிறது. கல் சொல்வதை விட நான்கு ஆண்டுகளுக்கு முன்னால்.

பிறப்புப் பதிவேட்டுக்கும் அதற்கே உரிய குறை ஒன்று உண்டு. குறித்த கெடுவுக்குள் பதியாவிட்டால் அபராதம் கட்ட வேண்டும். அதனால் தாமதமாக வந்தவர்கள் பிறந்த தேதியைச் சற்றுத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். இதனால்தான் சில குழந்தைகள், அரசு ஏட்டின்படி பிறப்பதற்கு முன்பே கோயில் ஏட்டில் திருமுழுக்குப் பெற்றிருக்கின்றன! கத்தோலிக்கக் குடும்பங்கள் குழந்தை பிறந்த ஓரிரு நாளிலேயே திருமுழுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் கொண்டவை. ஆகவே, இரண்டு ஏடுகளும் முரண்பட்டால் கோயில் ஏட்டை நம்புவதே நல்லது. ஆனாலும், இந்தத் தவறு சில வாரங்களுக்குள் அடங்கிவிடும். நான்கு வருடத்தை அது விழுங்காது.

கோயில் ஏட்டில் இன்னொரு பயன், ஞானப்பெற்றோர் பெயர்கள். பெரும்பாலும் தாய் வழியிலிருந்து ஒருவர், தகப்பன் வழியிலிருந்து ஒருவர். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு தம்பதிகள் இருந்தால், எந்த வீடு என்று பிரித்துக் காட்டுவது பல நேரம் ஞானப்பெற்றோர் பெயர்தான். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதே வேலையைச் செய்யும். ஜான், மேரி என்ற பெயர்கள் அயர்லாந்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்தவை என்பதால், பெற்றோர் பெயர் மட்டும் பொருந்துவதைக் கொண்டு முடிவுக்கு வந்துவிட முடியாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு குழந்தை இறந்துபோனால், அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது ஐரிஷ் குடும்பங்களில் சகஜம். மூத்த மகனுக்குத் தகப்பன் வழிப் பாட்டன் பெயர் என்ற மரபு இருந்ததால், அந்தப் பெயர் விட்டுப்போவதைக் குடும்பம் விரும்பாது. அப்படியானால், 1896இல் பிறந்த ஜான் சிறு வயதில் இறந்து, 1900 அல்லது 1901இல் இன்னொரு ஜான் பிறந்திருந்தால், கல்லின் 14 உண்மையாகிவிடாதா? ஆகும். ஆகவே, ஆய்வு ஒரு பிறப்புப் பதிவைக் கண்டதும் முடிந்துவிடாது. இடைப்பட்ட ஆண்டுகளின் இறப்புப் பதிவுகளில் அதே பெயரில் ஒரு குழந்தை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1900, 1901 ஆண்டுகளின் பிறப்புகளில் இன்னொரு ஜான் இருக்கிறானா என்றும் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் மேலாக, ஒரே வீட்டில் ஒரே நாளில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லும் ஒரு ஏடு வேண்டும். அதுதான் கணக்கெடுப்பு.

அயர்லாந்தின் கணக்கெடுப்பு ஏடுகளின் கதை மனத்தை உலுக்குவது. 1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் வீட்டுப் படிவங்களை அரசாங்கமே அழித்துவிட்டது. முதலிரண்டும் கணக்கு எடுத்த சில காலத்திலேயே போயின. பிந்திய இரண்டையும் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கினார்கள். அதற்கு முந்திய 1821 முதல் 1851 வரையிலான ஏடுகள் டப்ளினின் பொது ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், அந்தக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் வளாகம் வெடித்து எரிந்தபோது அவற்றில் மிகப் பெரும்பகுதி சாம்பலாயிற்று. முழுதாகத் தப்பியவை 1901, 1911 ஆகிய இரண்டு மட்டுமே. ஜான் காண்டனின் மொத்த வாழ்வும் இந்த இரண்டு ஏடுகளைச் சுற்றியே அமைந்தது நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும். அவனுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒருவனாக இருந்தால் அவனுடைய சிறுவயது வீட்டைக் காட்ட ஒரு தாள்கூட மிஞ்சியிருக்காது.

இந்தப் படிவங்களைக் குடும்பத் தலைவரே நிரப்ப வேண்டும். எழுதத் தெரியாதவருக்குக் கணக்கெடுப்பாளர் எழுதித் தருவார். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த மாவட்டம், ஐரிஷ் மொழி தெரியுமா என்று வரிசையாகப் போகும். 1911இல் மணமான பெண்களிடம் இன்னும் மூன்று கேள்விகள் சேர்ந்தன: மணமாகி எத்தனை ஆண்டுகள், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, அவற்றில் இப்போது உயிரோடு இருப்பவை எத்தனை. பிறந்தவை, இருப்பவை என்ற அந்த இரண்டு எண்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைத்திருக்கலாமோ என்ற சந்தேகத்தைச் சோதித்துவிடலாம். ஒரு வீட்டின் துக்கம் முழுவதையும் இரண்டு இலக்கங்களில் அடைத்த கேள்வி அது. வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இன்றும் அந்தக் கட்டத்தைக் கடந்துபோவது லேசாக இருப்பதில்லை.

பெரியவர்களின் வயதில் இந்தக் கணக்கெடுப்புகளை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1909 ஜனவரியில் 70 வயது நிரம்பியோருக்கு முதியோர் ஓய்வூதியம் நடைமுறைக்கு வந்தது. 1864க்கு முன் பிறந்தவர்களிடம் பெரும்பாலும் அரசுப் பிறப்புப் பதிவு இல்லை. 1901க்கும் 1911க்கும் இடையில் பத்து ஆண்டுகள்தான் ஓடின என்றாலும், பல முதியவர்களுக்குப் பதினைந்து வயது கூடியிருப்பதை இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டால் காணலாம். அவர்களுடைய வயதைச் சரிபார்க்க அதிகாரிகள் 1841, 1851 ஏடுகளில் தேடிப் பிரதி எடுத்தார்கள். மூல ஏடுகள் 1922இல் எரிந்தபின், அந்தத் தேடல் படிவங்களே சில குடும்பங்களுக்கு மிஞ்சிய ஒரே சான்று ஆயின. சிறு பிள்ளைகளின் வயதைக் கூட்டவோ குறைக்கவோ இப்படி எந்த ஆதாயமும் இல்லை. அதனால் கணக்கெடுப்பில் குழந்தைகளின் வயது பெரியவர்களுடையதை விட நம்பத்தக்கது.

காண்டன் வீட்டைப் பற்றி இரண்டு கணக்கெடுப்புகளும் தருவது 1896ஐ ஒட்டிய வயதுதான். பிறப்புப் பதிவைப் பதிவாளர் எழுதினார். கணக்கெடுப்பில் எழுதியது வேறு ஆள், வேறு ஆண்டில். எழுதிய எவருக்கும் பின்னால் ஒரு போர் வரப்போவதோ, இந்தப் பையனின் வயது உலகம் முழுதும் பேசப்படப் போவதோ தெரியாது. ஒன்றையொன்று பார்த்து எழுதாத ஏடுகள் ஒரே இடத்தைக் காட்டினால், பல வருடம் கழித்து எழுதப்பட்ட ஒற்றைச் சான்று அவற்றின் முன் நிற்க முடியாது.

ராணுவ ஏடுகளும் இதற்கு ஒத்து வருகின்றன. ஆனால், அவற்றுக்கும் ஒரு நெருப்பின் கதை உண்டு. 1940 செப்டம்பரில் லண்டனின் வால்வொர்த் பகுதியில் இருந்த போர் அலுவலகக் கிடங்கின் மேல் ஜெர்மானியக் குண்டு விழுந்தது. முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் பத்தில் ஆறு பங்கு எரிந்துபோயிற்று. மிஞ்சியவற்றில் பல ஓரம் கருகி, நீரில் நனைந்தவை. ஒரு சிப்பாயின் கோப்பு கிடைக்கவில்லை என்றால் அத்தோடு தேடல் நின்றுவிடாது. பதக்க அட்டைகள் தப்பின. அவற்றில் எண், ரெஜிமென்ட், எந்தப் போர்முனைக்கு எந்தத் தேதியில் போனான் என்பது இருக்கும். இறந்த சிப்பாய்க்குச் சேர வேண்டிய பாக்கிப் பணம் யாருக்குத் தரப்பட்டது என்று எழுதிய பேரேடுகளும் தப்பின. அந்தப் பேரேட்டில் வாரிசின் பெயரும் உறவும் இருப்பதால், ராணுவ ஏட்டையும் குடும்ப ஏட்டையும் இணைக்கும் பாலம் அதுதான். பாக்கிப் பணத்தோடு தரப்பட்ட போர்க் கருணைத்தொகை பணியாற்றிய மாதங்களைக் கொண்டு கணக்கிடப்பட்டதால், தொகையிலிருந்து பின்னோக்கிப் போய் எப்போது சேர்ந்தான் என்றும் கணிக்கலாம்.

காண்டன் படையில் சேர்ந்தது போர் தொடங்குவதற்கு முன்பே, 1913இல். ராயல் ஐரிஷ் ரெஜிமென்டின் தலைமையிடம் அப்போது க்ளான்மெல் நகரில் இருந்தது. இந்த ஓர் ஆண்டு மிக முக்கியமானது. கல்லை நம்பினால், அவன் சுமார் 12 வயதில் சேர்ந்திருக்க வேண்டும். சிட்னி லூயிஸும் 12 வயதில்தான் சேர்ந்தான். ஆனால் அது 1915. போர் ஆளை விழுங்கிக்கொண்டிருந்த, யாரையும் கூர்ந்து பார்க்க நேரமில்லாத காலம். 1913இல் அப்படி எந்த அவசரமும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையனைப் பதினெட்டு என்று ஒரு சார்ஜென்டும் ஒரு மருத்துவரும் அமைதிக் காலத்தில் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புவது கடினம். பதினேழு வயதுப் பையன் என்றால் எந்தச் சிரமமும் இல்லை.

1915 மே 24 அதிகாலையில் ஈப்ரவுக்கு வடகிழக்கே மவுஸ் டிராப் பண்ணையை ஒட்டிய அகழிகள் மீது ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். காண்டன் பணியாற்றிய ராயல் ஐரிஷ் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன் அந்த வாயுவின் பாதையில் இருந்தது. முதல் வாயுத் தாக்குதல் நடந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. சிப்பாய்களிடம் இருந்த காப்பு மூக்கையும் வாயையும் மூடும் நனைத்த துணித்திண்டு மட்டுமே. காண்டன் அன்று இறந்தான். அப்போது அவனுக்கு வயது 18, மேலும் ஏழு மாதங்கள். ராணுவத்தின் சொந்த விதிப்படியே அவனைக் கடல் கடந்து அனுப்பியிருக்கக் கூடாது. பதினான்கு பதினெட்டாக ஆனதும் சிலர் இந்தக் கல்லறைக்கு இனி முக்கியத்துவம் இல்லை என்பதுபோல எழுதினார்கள். அது நியாயமற்ற பேச்சு. ஏடுகள் அவனுடைய வயதைத்தான் திருத்தின. அவனை அங்கே அனுப்பியவர்களின் பொறுப்பை அவை குறைக்கவில்லை.

இனி, உடல் யாருடையது என்ற கேள்வி. போர் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு சிப்பாயின் கழுத்திலும் சிவப்பு நார்ப்பலகையால் ஆன ஒரே ஒரு அடையாள வில்லை இருந்தது. இறந்தவனின் வில்லையைக் கழற்றிக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். உடல் பெயரில்லாமல் போய்விடும். கழற்றாமல் விட்டாலும் ஈர மண்ணில் அது மட்கிப்போகும். இரண்டு வில்லைகள் தரும் முறை 1916 செப்டம்பரில்தான் வந்தது. 1915இல் ஈப்ரவைச் சுற்றி மாண்டவர்களில் இத்தனை பேர் அடையாளம் தெரியாமல் போனதற்கு இது ஒரு பெருங்காரணம்.

1923இல் தோண்டி எடுத்த ஒரு சடலத்தின் அருகே காலணித் தோல் துண்டு ஒன்று கிடைத்தது. சிப்பாய்கள் தங்கள் பொருள்கள் மாறிப்போகாமல் இருக்க அவற்றில் எண்ணை முத்திரை குத்திக்கொள்வார்கள். அந்தத் தோலில் இருந்தது: 6322, பிறகு 4, ஒரு சாய்கோடு, ஆர்.ஐ.ஆர். அதாவது, நான்காம் பட்டாலியன், ஆர்.ஐ.ஆர். இந்த மூன்று எழுத்தை ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட் என்று படித்தார்கள். 6322 காண்டனின் எண். அதைக் கொண்டே கல்லில் அவன் பெயர் ஏறியது.

ஆர்.ஐ.ஆர். என்ற எழுத்துகள் இன்னொரு படைக்கும் பொருந்தும்: ராயல் ஐரிஷ் ரைஃபிள்ஸ். அது வடக்கே பெல்ஃபாஸ்ட் வட்டாரத்தைச் சேர்ந்தது. இரண்டு படைகளுக்குமே நான்காம் பட்டாலியன் உண்டு. இரண்டுமே தாய்நாட்டில் இருந்தபடி ஆட்களைப் பயிற்றி முன்னணிப் பட்டாலியன்களுக்கு அனுப்பிய ரிசர்வ் பிரிவுகள். ஒரு சிப்பாய்க்கு ஒரே எண், அது ராணுவம் முழுதுக்கும் வேறொருவருக்கு இல்லை என்ற முறை 1920இல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு ரெஜிமென்டும் தனக்கென்று எண் வரிசை வைத்திருந்தது; ரிசர்வ் பட்டாலியன்களுக்கு அதிலும் தனி வரிசை. ஒரே எண்ணைப் பல பேர் தாங்கியிருந்தார்கள். ராயல் ஐரிஷ் ரைஃபிள்ஸிலும் ஒரு 6322 இருந்தான். பெயர் பேட்ரிக் ஃபிட்ஸிம்மன்ஸ். பெல்ஃபாஸ்ட்காரன். 1915 ஜூன் 16 அன்று பெல்வார்ட தாக்குதலில் இறந்து, அடக்கம் செய்த இடம் தெரியாதவர்களின் வரிசையில் சேர்ந்தவன்.

இதோடு இடம் என்ற சான்றும் சேர்கிறது. ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கியமான வாதம், சடலம் கிடைத்த இடம் ரைஃபிள்ஸ் படை ஜூன் 16 அன்று போரிட்ட பகுதிக்குப் பொருந்துகிறது, மவுஸ் டிராப் பண்ணைக்குப் பொருந்தவில்லை என்பது. எதிர்த் தரப்பில் சொல்லக்கூடியதும் உண்டு: காலணி கைமாறியிருக்கலாம், பழுது பார்த்து வேறொருவனுக்குக் கொடுத்திருக்கலாம், இறந்தவனுடையதை உயிரோடு இருப்பவன் போட்டிருக்கலாம். ஆனால், இந்த ஐயங்கள் ஃபிட்ஸிம்மன்ஸை விலக்குவதற்கு எவ்வளவு பயன்படுமோ அவ்வளவு காண்டனை விலக்குவதற்கும் பயன்படும். காலணியை ஒதுக்கிவிட்டால் கல்லில் எந்தப் பெயரையும் பொறிக்க முகாந்திரமே இல்லை. சான்றுகளைச் சேர்த்து எடைபோட்டால் தராசு ஃபிட்ஸிம்மன்ஸ் பக்கம்தான் சாய்கிறது. ஆனால், வயது விஷயத்தில் கிடைத்த உறுதி இதில் இல்லை. அங்கே ஒன்றையொன்று பார்க்காத ஏடுகள் பேசின, இங்கே பேசுவது ஒரு துண்டுத் தோலும் ஒரு வரைபடக் குறிப்பும்தான்.

மரபணுச் சோதனை செய்தால் விடை கிடைத்துவிடுமே என்று தோன்றும். அடக்கம் செய்த உடலை அடையாளம் காண்பதற்காக மீண்டும் தோண்டுவதில்லை என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. ஆகவே, இந்த வழக்கில் எதுவானாலும் தாள்களை வைத்தே முடிவாக வேண்டும். கல்லில் இப்போதும் காண்டனின் பெயரும் 14 என்ற வயதும் அப்படியே இருக்கின்றன. என்றேனும் ஆணையம் ஃபிட்ஸிம்மன்ஸுக்கு ஆதரவாக முடிவெடுத்தால், வழக்கமான நடைமுறைப்படி போல்கபெலவின் கல்லில் ஃபிட்ஸிம்மன்ஸின் பெயர் ஏறும். கல்லறை தெரியாதவனாகிவிடும் ஜான் காண்டனின் பெயர், ஈப்ர களத்தில் காணாமல்போன 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் மெனின் வாயிலின் சுவருக்குப் போகும். அந்தச் சுவரில் வீரர்களின் வயதைப் பொறிக்கும் வழக்கம் இல்லை.